கேள்வி – பதில்: படிப்புச் செலவின் முழுக் கணக்கு

உயர் தரப் பரீட்சைப் பெறுபேறுகளும், பல்கலைக்கழக அனுமதிக்குத் தேவையான குறைந்தபட்சப் புள்ளிகளான வெட்டுப்புள்ளிகளும் வெளியான பின் இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பிள்ளைகளின் மேற்படிப்புக்கான பணத்தைப் பற்றியவை. அவற்றுள் ஆறு கடிதங்களுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களை அவர்கள் கேட்டுக்கொண்டபடி வெளியிடவில்லை.

*

தலவாக்கலைக்கு அருகிலுள்ள தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய்: என் மகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் இடம் கிடைத்திருக்கிறது. நான் கொழுந்து பறிக்கிறேன். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார். படிப்பு இலவசம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் பக்கத்து லயத்துப் பிள்ளை ஒவ்வொரு மாதமும் வீட்டிலிருந்து பணம் வாங்கிப் போகிறது. நகையை அடகு வைத்து ஒரு தொகையை மொத்தமாக மகளின் கையில் கொடுத்துவிடலாமா?

அன்புள்ள சகோதரி, முதலில் உங்களுக்கும் மகளுக்கும் என் மனமார்ந்த வாழ்த்து. உங்கள் தோட்டத்தில் அந்தச் செய்தி எவ்வளவு பெரிய செய்தி என்பதை நான் அறிவேன்.

நீங்கள் கேள்விப்பட்ட இரண்டும் உண்மைதான். 1945ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் இலவசக் கல்வி நடைமுறையில் இருப்பதால், அரச பல்கலைக்கழகத்தில் முதல் பட்டத்துக்குக் கற்பித்தற் கட்டணம் கிடையாது. ஆனால் சாப்பாடு, பஸ்சும் ரயிலும், போட்டோ கொப்பி, தொலைபேசிக்கு ரீலோட், மலைக்குளிருக்கு ஒரு போர்வை, விடுதி கிடைக்காத ஆண்டில் வெளியே அறை வாடகை ஆகியவற்றை எந்த அரசாங்கமும் முழுதாகத் தருவதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை கேட்பது இவற்றுக்கான பணத்தையே. அதை ஊதாரித்தனம் என்று எண்ணிவிடாதீர்கள்.

ஒரு தாளை எடுத்து, மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் ஒரே தடவை வரும் செலவுகள்: பதிவின்போது கட்டவேண்டியவை, மெத்தை, வாளி, சப்பாத்து, இரண்டு நல்ல உடுப்புகள், முதற் பயணம். வலப்பக்கம் மாதந்தோறும் வரும் செலவுகள். வலப்பக்கத் தொகையை முதலில் நான்கு மாதத்துக்குப் பெருக்குங்கள். புலமைப்பரிசில் பணம் பதிவான மறுநாளே கைக்கு வந்துவிடாது. விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டு, பெயர்ப் பட்டியல் வந்து, வங்கிக் கணக்கில் முதல் தவணை விழும்வரை வீடுதான் தாங்கவேண்டும். நம் பிள்ளைகள் மிகவும் சிரமப்படுவது அந்த முதல் மாதங்களில்தான். பசியை வெளியே சொல்லாமல் மதியச் சாப்பாட்டைத் தவிர்க்கும் மாணவிகளைப் பற்றி விரிவுரையாளர்கள் வருத்தத்தோடு சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அதன்பின் கிடைக்கக்கூடியவை என்னவென்று பார்ப்போம். 1981இல் தொடங்கப்பட்ட மகாபொல புலமைப்பரிசில் 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. மகாபொல கிடைக்காதவர்களுக்குப் பல்கலைக்கழகம் வழியாகக் கிடைக்கும் நிதியுதவி 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாக உயர்ந்தது. இரண்டையும் ஒருசேரப் பெற முடியாது. குடும்ப வருமானத்தை உறுதிப்படுத்தும் பத்திரங்கள் தேவைப்படும் என்பதால், உங்கள் சம்பளச் சிட்டைகளையும் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழையும் கணவரின் வருமானக் கடிதத்தையும் இப்போதே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். ஒரு கடிதம் குறைந்ததற்காக விண்ணப்பம் திரும்பி வருவது நம் பக்கத்தில் அடிக்கடி நடக்கிறது. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்றே கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தின் ஊடாக வழங்கப்படும் கல்வி நம்பிக்கை நிதியப் புலமைப்பரிசில் ஒன்றும் உண்டு. அது உயர் தரத்தில் படிப்பவர்களுக்கும் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் உரியது. அதன் அறிவித்தல் பத்திரிகையில் வரும் நாளை மகளே கவனித்துக்கொள்ளட்டும்.

இனி நகைக்கு வருகிறேன். மொத்தத் தொகைக்காக அடகு வைக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அடகுப் பணத்துக்கு முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆறு மாதம் கழித்துச் செலவாகப் போகும் பணத்துக்கும் இன்றே வட்டி கட்டுவானேன்? இடப்பக்கச் செலவுக்கு வேறு வழியே இல்லாவிட்டால், அதற்குப் போதுமான சிறிய நகை ஒன்றை மட்டும் அரச வங்கியொன்றில் வையுங்கள். மீட்கவேண்டிய திகதியை நாட்காட்டியில் குறித்துவிட்டு, மீட்கும் பணம் எந்த மாதச் சம்பளத்திலிருந்து வரும் என்பதையும் அன்றே தீர்மானியுங்கள். மாதச் செலவுக்கு மகளின் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கைத் திறந்து, பத்தாம் திகதி சம்பளம் வந்த கையோடு ஒரு நிலையான தொகையைப் போட்டுவிடுங்கள். கணவரும் கொழும்பிலிருந்து அதே கணக்கில் போடலாம். பணம் வரும் நாள் தெரிந்தால்தான் பிள்ளை திட்டம் போடும். கேட்டபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பினால் யாராலும் திட்டம் போட முடியாது.

மகள் ஒரு கொப்பியில் செலவை எழுதட்டும். பேராதனையில் மூன்றாம் வருடம் படிக்கும் மலையக மாணவி ஒருவர் தம் கொப்பியை எனக்குக் காட்டினார். பகல் சோற்றுப் பொதி, போட்டோ கொப்பி 38 பக்கம், ஹட்டனுக்கு ரயில், தோழிக்குக் கொடுத்தது 500 என்று ஒவ்வொரு வரியாக இருந்தது. தோழியின் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் பென்சிலால் ஒரு சிறு வட்டம். பணம் திரும்பி வந்ததும் அந்த வட்டத்தை அழித்துவிடுவாராம். அந்தக் கொப்பியில் மாத முடிவில் ஒரு கூட்டலைத் தவிர வேறு நுணுக்கம் எதுவும் இல்லை. அந்தக் கூட்டல் போதும்.

*

பதுளையிலிருந்து ஒரு மாணவர்: வணிகப் பிரிவில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தேன். வெட்டுப்புள்ளி எட்டவில்லை. கொழும்பிலுள்ள தனியார் நிறுவனமொன்று வெளிநாட்டுப் பட்டம் தருவதாகவும், வெள்ளிக்கிழமைக்குள் முற்பணம் கட்டினால் கழிவு உண்டென்றும், மீதியை மாதத் தவணையாகச் செலுத்தலாம் என்றும் சொல்கிறது. அப்பா ஒரு நிதி நிறுவனத்தில் கடன் எடுக்கத் தயாராக இருக்கிறார். வட்டி 24 சதவீதம்தான் என்கிறார்கள். சேரலாமா?

தம்பி, வெள்ளிக்கிழமைக்குள் கட்டாதீர்கள். நல்ல படிப்பு அடுத்த மாதமும் நல்ல படிப்பாகவே இருக்கும். அவசரப்படுத்துகிறவர்களிடம் நான்கு கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பட்டத்தை வழங்குவது யார்? உள்நாட்டுத் தனியார் நிறுவனமாயின், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் பட்டம் வழங்கும் நிறுவனமாக அது வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டிருக்கவேண்டும். நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருப்பது மட்டும் போதாது, நீங்கள் சேரும் அந்தக் குறிப்பிட்ட பட்டநெறிக்கும் இருக்கவேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகமாயின், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை ஏற்றுக்கொள்கிறதா என்பதை ஆணைக்குழுவிடமே கேட்டு அறியலாம். பட்டம் பெற்ற பிறகு அரச வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் பலருக்கு இந்தக் கேள்வியின் கனம் விளங்குகிறது.

மொத்தச் செலவு எவ்வளவு? மாதத் தவணையைக் கேட்காதீர்கள். பதிவுக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், மீள்பரீட்சைக் கட்டணம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குத் தனியே செலுத்தும் கட்டணம், பட்டமளிப்புக் கட்டணம், அதற்கு மேல் கொழும்பில் மூன்று வருடம் தங்கிச் சாப்பிடும் செலவு ஆகிய அனைத்தையும் கூட்டி வரும் ஒரே எண்ணைக் கேளுங்கள். அந்த எண்ணைச் சொல்லத் தயங்கும் இடத்தில் சேராதீர்கள்.

கட்டணம் எந்த நாணயத்தில்? 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறியது. டொலரிலும் பவுணிலும் கட்டணம் செலுத்த ஒப்புக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு, படிப்பு நடுவழியில் இருக்கும்போதே ரூபாக் கணக்கு அந்த அளவுக்கு வீங்கியது. தோட்டத்துச் சம்பளமோ கடைச் சம்பளமோ அந்த வேகத்தில் ஏறவில்லை.

நடுவில் விலகினால் என்ன திருப்பித் தருவார்கள்? இதற்கான பதில் விளம்பரத் துண்டில் இருக்காது. ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில், சிறிய எழுத்தில் தேடுங்கள்.

இப்போது அந்த 24 சதவீதத்தைப் பார்ப்போம். நிதி நிறுவனங்கள் பல வேளைகளில் சொல்வது நிலையான வட்டி, அதாவது தொடக்கத்தில் எடுத்த முழுத் தொகைக்கும் கடைசிவரை கணக்கிடும் வட்டி. ஒரு இலட்சம் ரூபாவை இரண்டு வருடத்துக்கு அப்படி எடுத்தால் வட்டி 48,000 ரூபா. மொத்தம் 148,000 ரூபாவை 24ஆல் வகுத்தால் மாதத் தவணை 6,167 ரூபா. ஒவ்வொரு மாதமும் நீங்கள் எடுத்த கடன் தொகையில் ஒரு பகுதி குறைந்துகொண்டே போகிறது. கடைசி மாதத்தில் மிஞ்சியிருப்பது 4,167 ரூபா மட்டுமே. ஆனாலும் அந்த மாதத்திலும் முழு இலட்சத்துக்குமான 2,000 ரூபா வட்டியைக் கட்டுகிறீர்கள். வங்கிகள் வழக்கமாகக் கணக்கிடும் குறைந்து செல்லும் மீதியின்படி பார்த்தால், இந்தக் கடனின் உண்மையான வட்டி வருடத்துக்கு ஏறத்தாழ 41 சதவீதம். ‘24 சதவீதம்தான்’ என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. ஆனால் உங்கள் அப்பா கட்டப்போவது 41 சதவீதம். அவர் கையொப்பம் இடுவதற்கு முன் இந்தக் கணக்கை நீங்கள் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். வணிகப் பிரிவில் படித்த பிள்ளைக்கு இது கடினமான வேலையல்ல.

தனியார் பட்டமே வேண்டுமென்றால், உயர் கல்விக்குப் பொறுப்பான அமைச்சு 2017ஆம் ஆண்டு முதல் நடத்தும் வட்டியில்லாக் கடன் திட்டத்தை முதலில் பாருங்கள். பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெற்றும் இடம் கிடைக்காதவர்களுக்கானது அது. அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களிலுள்ள குறிப்பிட்ட பட்டநெறிகளுக்கு மட்டுமே பொருந்தும். வட்டியை அரசாங்கம் ஏற்கிறது, கடன் தொகையைப் படிப்பு முடிந்து ஓர் அவகாசத்தின் பின் தவணையாகச் செலுத்தவேண்டும். ஆயினும் கடன் கடன்தான். பிணை பற்றிய நிபந்தனைகளை அப்பாவோடு உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள்.

ஆனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் இன்னும் சில கதவுகளைத் தட்டிய பிறகே கடனை நினைப்பேன். உங்கள் ஊரிலேயே உயர் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அங்கே கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமாவை முழுநேரமாகப் படித்தால் வீட்டிலிருந்தே போய்வரலாம், கொழும்பு வாடகை மிஞ்சும். வேலை பார்த்துக்கொண்டே படிப்பதற்கு இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் உண்டு. கணக்கியலில் விருப்பமிருந்தால் தொழில்சார் பரீட்சைகளைக் கட்டம் கட்டமாக எழுதலாம்; ஒரு கட்டத்துக்கான பணத்தைச் சம்பாதித்த பின் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். ஆசிரியத் தொழிலில் நாட்டமிருந்தால் பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியை மறந்துவிடாதீர்கள். நம் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்களை உருவாக்கித் தந்த கல்லூரி அது. பல்கலைக்கழக அனுமதிக்காக உயர் தரத்துக்கு மூன்று தடவை தோற்றலாம் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. பதுளை, நுவரெலியா இரண்டும் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் உள்ளவை; அம்மாவட்டங்களுக்கென ஒதுக்கப்படும் இடங்களும் உண்டு. இன்னொரு தடவை எழுதினால் எட்டக்கூடிய தூரம்தானா என்பதை அனுமதிக்காகக் கணக்கிடப்படும் உங்கள் இசட் புள்ளியையும் கடந்த சில வருட வெட்டுப்புள்ளிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

*

நோர்வூட்டிலிருந்து ஒரு தந்தை: இருபது வருடத்துக்கு மேல் தோட்டத்தில் வேலை. மகனின் படிப்புக்காக ஊழியர் சேமலாப நிதியில் கொஞ்சம் எடுக்க முடியுமா?

ஐயா, சேவையில் இருக்கும்போதே நிதியின் 30 சதவீதம்வரை எடுப்பதற்கான ஏற்பாடு வீட்டுத் தேவைக்கும் மருத்துவத் தேவைக்கும் மட்டுமே உரியது, கல்விக்கு இல்லை. வீட்டுக்கென்று எடுத்துப் படிப்புக்குச் செலவிடலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள். அந்தப் பணம் உங்கள் முதுமைக்கானது. அது கரைந்தால் நாளை உங்களைத் தாங்கவேண்டிய சுமை, வேலை தேடிக்கொண்டிருக்கும் அதே மகனின் தோளில்தான் விழும். ஊழியர் நம்பிக்கை நிதியம் தன் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் வழங்குகிறது. அதற்குரிய விண்ணப்பத்தைத் தோட்டக் காரியாலயத்தில் கேளுங்கள்.

*

வெலிமடைப் பகுதியிலிருந்து ஓர் ஆசிரியை: நான் தரம் 10, 11 மாணவர்களுக்கு வணிகக் கல்வி கற்பிக்கிறேன். பாடப்புத்தகத்தில் வட்டி, வரவு செலவு எல்லாம் இருக்கின்றன. பிள்ளைகள் பரீட்சைக்கு எழுதுகிறார்கள், ஆனால் வாழ்க்கையில் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. எப்படிக் கற்பிக்கலாம்?

ஆசிரியை அவர்களே, இந்தக் கேள்வியைக் கேட்டதற்காகவே உங்களுக்கு நன்றி சொல்லவேண்டும். மேலே உள்ள முதல் இரண்டு கடிதங்களும், பதினைந்து வயதில் யாராவது கற்பித்திருந்தால் வேறு விதமாக எழுதப்பட்டிருக்கும்.

பாடப்புத்தகக் கணக்கில் எப்போதும் ஒரு வியாபாரி வருகிறார், அவர் 100,000 ரூபா முதலிடுகிறார். உங்கள் வகுப்பில் உள்ள பிள்ளைகளின் வீட்டில் அந்த வியாபாரி இல்லை. அங்கே இருப்பது மாதம் ஒருமுறை வரும் ஒரு சம்பளச் சிட்டை. அதையே பாடமாக்குங்கள். ஆனால் பிள்ளைகளைத் தங்கள் வீட்டுச் சிட்டையைக் கொண்டுவரச் சொல்லவேண்டாம். யாருடைய வீட்டில் எவ்வளவு என்பது வகுப்புக்குத் தெரியவேண்டியதில்லை, சில பிள்ளைகள் வெட்கத்தால் அடுத்த நாள் பாடசாலைக்கே வரமாட்டார்கள். நீங்களே ஒரு மாதிரிச் சிட்டையைத் தயாரித்துக் கரும்பலகையில் எழுதுங்கள்.

விளக்கத்துக்காக 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தை எடுத்துக்கொள்வோம். பின்னர் வந்த மாற்றங்களை நீங்கள் சேர்த்துக்கொள்ளலாம். மாதத்தில் 20 நாள் பேர் விழுந்தால், அதாவது முழு நாள் வேலையாகப் பதிவானால், 27,000 ரூபா. அதில் ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து 8 சதவீதம், அதாவது 2,160 ரூபா கழிகிறது. கம்பனி தன் பங்காக 12 சதவீதம், 3,240 ரூபாவைச் சேர்க்கவேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு இன்னும் 3 சதவீதம், 810 ரூபா. இந்த இரண்டு தொகைகளும் கையில் வருவதில்லை, ஆனாலும் அவை அம்மாவின் பணம். அடுத்து தொழிற்சங்கச் சந்தா, தேயிலைத்தூள், தீபாவளி முற்பணத்தின் தவணை என்று ஒவ்வொரு கழிவாக எழுதி, ‘இது ஏன் கழிகிறது, எப்போது முடியும்?’ என்று கேளுங்கள். அரைப்பேர் விழுந்த நாட்களால் எவ்வளவு குறைந்தது என்று கணக்கிடச் சொல்லுங்கள். பதினைந்து வயதுப் பிள்ளை அந்தச் சிட்டையை வாசிக்கக் கற்றுக்கொண்டால், வீட்டுக்குப் போய் அம்மாவின் சிட்டையைத் தானாகவே வாங்கிப் பார்க்கும். எழுத்து வாசிக்கச் சிரமப்படும் தாய்மார் இன்னும் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிள்ளை செய்யும் பெரிய உதவி அது.

இரண்டாவது பாடம் கடன். மேலே பதுளை மாணவருக்குச் சொன்ன 24 சதவீதக் கணக்கை அப்படியே வகுப்பில் போடுங்கள். பிறகு ஓர் உண்மையான கடன் விண்ணப்பப் படிவத்தைக் கொண்டுவந்து, வட்டி எங்கே எழுதியிருக்கிறது, ஆவணக் கட்டணம் எங்கே, தவணை பிந்தினால் தண்டப்பணம் எங்கே என்று தேடச் சொல்லுங்கள். படிவம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால், தமிழ்ப் படிவம் கேட்பதையும், அது கிடைக்காவிட்டால் நன்றாக விளங்கிச் சொல்லக்கூடிய ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவதையும் பழக்குங்கள். கிழமைதோறும் வீட்டு வாசலுக்கே வந்து பணம் வாங்கும் நுண்கடன்களால் பெண்கள் பட்ட துன்பத்தை உங்கள் மாணவர்கள் கண்ணால் பார்த்திருப்பார்கள். அந்தப் பெண்களில் பலர் கணக்குத் தெரியாததால் சிக்கவில்லை. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடனை எடுக்கவேண்டிய நெருக்கடியால் சிக்கினார்கள். கடன்பட்டவர்களைக் குறைவாகப் பேசும் பாடமாக இது ஆகிவிடக்கூடாது.

மூன்றாவதாக, பிள்ளைகளின் கையில் உண்மையான பணம் கொஞ்சம் இருக்கட்டும். பாடசாலையில் வங்கியின் மாணவர் சேமிப்புப் பிரிவு இருந்தால் அதைப் பெயருக்கு நடத்தாமல், வைப்புச் சிட்டை நிரப்புவதையும் கணக்குப் புத்தகத்தை வாசிப்பதையும் பிள்ளைகளே செய்யட்டும். வகுப்புச் சுற்றுலா வந்தால் அதன் வரவு செலவு முழுவதையும் மாணவர் குழுவொன்றிடம் ஒப்படையுங்கள். பஸ்காரரிடம் பேரம் பேசுவதும், பற்றுச்சீட்டு வாங்குவதும், மிஞ்சிய பணத்தை எப்படிப் பிரிப்பது என்று சண்டை பிடித்துத் தீர்ப்பதும் புத்தகத்தில் வராத பாடங்கள்.

தரம் 11க்கு ஒரு வேலையை மட்டும் கட்டாயம் கொடுங்கள். ஒவ்வொரு மாணவரும் தாம் விரும்பும் ஒரு படிப்பைத் தெரிவுசெய்து, அது எத்தனை வருடம், எங்கே, மொத்தம் எவ்வளவு செலவாகும், எந்த உதவி கிடைக்கும், முடிந்தபின் தொடக்கச் சம்பளம் என்ன என்று ஒரு பக்கம் எழுதட்டும். ஒருவர் வைத்தியத்துறையை எழுதுவார், இன்னொருவர் ஹட்டன் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஒரு பயிற்சியை எழுதுவார். இரண்டையும் ஒரே மதிப்போடு வகுப்பில் வாசியுங்கள். தனியார் தொழிற்பயிற்சி நிலையங்களை எழுதுபவர்கள், அது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவுசெய்யப்பட்டதா, தரும் சான்றிதழ் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழா என்பதையும் விசாரித்து எழுதவேண்டும்.

*

பல்கலைக்கழக முதலாம் வருட மாணவர், சொந்த ஊர் பொகவந்தலாவை: மகாபொல மூன்று மாதப் பணம், 22,500 ரூபா, ஒன்றாக வந்திருக்கிறது. வீட்டுக்கு அனுப்பவேண்டும் போலவும் இருக்கிறது. பழைய தொலைபேசி உடைந்துவிட்டது. அறை நண்பர் ஒரு செயலியில் போட்டால் மூன்று மாதத்தில் இரட்டிப்பாகும் என்றும், இரண்டு பேரைச் சேர்த்தால் தனியாகப் பணம் கிடைக்கும் என்றும் சொல்கிறார். அவருக்கு உண்மையிலேயே பணம் வந்திருக்கிறது.

மகனே, நண்பருக்கு வந்த பணம் எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். செயலி எதையும் விற்கவில்லை, எதையும் உற்பத்தி செய்யவில்லை. அவருக்குப் பின் சேர்ந்தவர்களின் பணம்தான் அவருக்கு வந்தது. நீங்கள் சேர்ந்தால் உங்கள் பணமும் அவ்வாறே அவருக்கு முன் சேர்ந்தவர்களுக்குப் போகும். புதிதாகச் சேர ஆள் இல்லாத நாளில் எல்லாம் நின்றுவிடும். அந்த நாளில் நீங்கள் சேர்த்துவிட்ட இரண்டு பேரும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். இத்தகைய பிரமிட் திட்டங்களை நடத்துவதும், அவற்றில் பிறரைச் சேர்ப்பதும் வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவின் கீழ் குற்றம். சந்தேகம் இருந்தால் இலங்கை மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். நண்பரிடமும் இதைச் சொல்லுங்கள், கோபித்தாலும் பரவாயில்லை.

22,500 ரூபா பெரிய தொகைபோலத் தோன்றுவதற்குக் காரணம் அது பிந்தி வந்ததுதான். அது மூன்று மாதச் சாப்பாடு. முதலில், இந்த மூன்று மாதத்தில் யாரிடம் கைமாற்று வாங்கினீர்களோ அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த தவணையும் பிந்தலாம் என்பதால் ஒரு மாதச் செலவைத் தனியே, எளிதில் தொட முடியாத வேறொரு கணக்கில் வையுங்கள். விரிவுரைக் குறிப்புகளும் அறிவித்தல்களும் தொலைபேசியில்தான் வருகின்றன என்பதால் தொலைபேசி ஆடம்பரமல்ல. திருத்த முடியுமானால் திருத்துங்கள், முடியாவிட்டால் ரொக்கத்துக்கு ஒரு சாதாரண தொலைபேசியை வாங்குங்கள், தவணைக்கு வாங்காதீர்கள். விடுதியில் சீட்டுப் பிடிக்கக் கூப்பிட்டால், அடுத்த தவணை எப்போது வரும் என்று உறுதியாகத் தெரியாத ஒருவர் மாதச் சீட்டில் சேர்வது நல்லதல்ல என்று சொல்லி மறுத்துவிடுங்கள்.

வீட்டுக்கு அனுப்பவேண்டும் என்ற எண்ணம் உங்களை வளர்த்தவர்களுக்குப் பெருமை. ஆயினும் இப்போது அனுப்பவேண்டாம் என்றுதான் சொல்வேன். நீங்கள் அனுப்பிவிட்டு இங்கே பட்டினி கிடந்தால், இரண்டு மாதத்தில் அதே பணத்தை வீடு கடன் வாங்கி உங்களுக்கு அனுப்பும். அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசி, மகாபொல வந்துவிட்டது, இந்த மூன்று மாதத்துக்கு வீட்டிலிருந்து எதுவும் அனுப்பவேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டுக்கு அதுவே போதிய உதவி.

*

கொட்டகலையிலிருந்து ஒரு தம்பதியினர்: எங்கள் மகளுக்குப் பதின்மூன்று வயது. தரம் 5 புலமைப்பரிசில் பெற்றவள். எங்களுக்குக் கொஞ்சம் கடன் இருக்கிறது. இதையெல்லாம் பிள்ளையிடம் சொல்லலாமா, அல்லது மனம் கலங்கும் என்று மறைப்பதா?

சொல்லுங்கள், ஆனால் அளந்து சொல்லுங்கள். இரவில் பெற்றோர் குரலைத் தாழ்த்திப் பேசுவதைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை ஏற்கெனவே கேட்டிருக்கும். லயத்து வீட்டின் சுவர் அவ்வளவு தடிப்பானதல்ல. அரைகுறையாகக் கேட்டதை வைத்து அது கற்பனை செய்யும் கடன் உண்மைக் கடனைவிடப் பெரிதாக இருக்கலாம். எவ்வளவு கடன், எந்த மாதத்தில் முடியும், அதுவரை எதைக் குறைத்துக்கொள்கிறோம் என்ற மூன்றையும் அமைதியாகச் சொல்லுங்கள். யார் மேல் தவறு என்ற பேச்சை அவள் முன்னால் வைத்துக்கொள்ளாதீர்கள். ‘உன் படிப்புக்காகத்தான் இந்தக் கடன்’ என்ற வசனத்தை எக்காரணம் கொண்டும் சொல்லாதீர்கள். அந்த வசனத்தைச் சுமந்துகொண்டு பரீட்சை எழுதும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

புலமைப்பரிசில் பெற்ற பிள்ளைகளுக்கான உதவிப்பணம் 2025இல் மாதம் 750 ரூபாவிலிருந்து 1,500 ரூபாவாக உயர்ந்தது. மகளுக்கு அது கிடைத்துக்கொண்டிருந்தால், கணக்குப் புத்தகத்தை அவள் கையிலேயே கொடுத்து, வரும் தொகையை அவளே சரிபார்க்கட்டும். அதில் ஒரு சிறு பங்கை அவள் விருப்பப்படி செலவிட விட்டு, மீதியை உயர் தரத்துக்கென ஒதுக்குங்கள். வீட்டில் அவசரம் வந்து அந்தப் பணத்தில் கைவைக்க நேர்ந்தால், அவளிடம் கேட்டு எடுத்து, திருப்பிப் போடும் திகதியையும் அந்தப் புத்தகத்தின் ஓரத்தில் எழுதிவிடுங்கள்.